அசலைக் கொண்டுவரவும்

நான் செய்த தப்பு ஒரே ஒரு சொல். அதுவும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில்.

புத்தகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எண்பத்து நான்கு பக்கம், சுருள் கம்பி போட்டது. நான் வேலை பார்க்கும் நகலகத்தில், முதலாளி சாப்பிடப் போகிற முக்கால் மணி நேரங்களில் நானே அச்சடித்து நானே கோத்தேன். மொத்தம் அறுபது பிரதி. அது ஒரு ஆட்டத்தின் விதிப்புத்தகம். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: வாள்வீரன், சூனியக்காரி, பூட்டுத் திறக்கிற திருடி. 'கதவைத் திறக்கிறேன்' என்று ஒருத்தி சொல்வாள், பகடையை உருட்டுவாள். கதவு திறக்குமா, பின்னால் நிற்பது அவளைத் தின்னுமா என்பதைப் பகடையும் விதிப்புத்தகமும் சேர்ந்து முடிவு செய்யும். பகல் முழுக்க யார் யாரிடமோ 'சரிங்க சார்' சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு நல்ல ஆட்டம்.

இந்த மாதிரிப் புத்தகங்களின் கடைசியில் ஒரு பட்டியல் போடுவது வழக்கம். இந்த ஆட்டம் எனக்கு எங்கிருந்து வந்தது, எதைப் படித்தேன், எதைப் பார்த்து மிரண்டேன் என்று செய்தவர் சொல்லிவிட்டுப் போவார். போட்டே ஆகணும் என்று ஒரு கூட்டம். போடவே கூடாது என்று இன்னொரு கூட்டம். போடாதவன் திருடன் என்றார்கள் இவர்கள். போடுகிறவன் தன் வீட்டுப் புத்தக அலமாரியைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறான் என்றார்கள் அவர்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்ததால் சண்டை ஓயவில்லை. தீர்த்துவைக்க ஒரு வாரியம் அமைத்தார்கள். அதன் பிறகு சண்டை நின்றது. எல்லாருக்கும் பயம் வந்துவிட்டால் யார் சண்டை போடுவார்கள்?

படைப்பு ஊற்று அறிவிப்பு வாரியம் என்று பெயர். அதன் விதிகள் எளிமையானவை. விதிப்புத்தகம் எதுவானாலும் அதைத் தூண்டிய ஊற்றுகளைக் கடைசிப் பக்கத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த ஒவ்வொரு ஊற்றிலும் ஒரு பிரதியை வாரியத்தில் ஒப்படைக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் குற்றம். அறிவித்ததை அப்புறம் அடித்தால் பொய் அறிவிப்பு, அது இன்னும் பெரிய குற்றம்.

எங்கள் வீட்டில் புத்தக அலமாரி கிடையாது. என் பட்டச் சான்றிதழ்தான் எங்கள் வாசல்படி தாண்டி வந்த முதல் கெட்டி அட்டை. என் ஆட்டத்துக்குக் 'கீழ்த்தளம்' என்று பெயர் வைத்திருந்தேன். வீரர்கள் ஒரு பெரிய கட்டடத்துக்கு அடியில் தளம் தளமாக இறங்குவார்கள். கொதிகலன் மூச்சுவிடும். வெள்ளைத் துணிகள் ஆளில்லாமல் எழுந்து நடக்கும். மின்தூக்கி யாரும் கூப்பிடாமலே வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். பதினோராவது கதவை மட்டும் திறக்கக் கூடாது. இதில் எதையும் நான் எங்கேயும் படிக்கவில்லை. அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறாள். வேலை முடிந்து வந்து, கொதிநீரில் வெந்த வலது உள்ளங்கையில் களிம்பு தடவிக்கொண்டே எனக்குச் சொன்னவைதான் எல்லாம்.

ஆகவே கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: அம்மா.

அம்மாவுக்குப் பெரிதாகப் படிக்க வராது. கையெழுத்துப் போடுவாள், பேருந்து எண் பார்ப்பாள். இந்த ஒரு சொல் தெரியும். பக்கத்தை விரலால் தொட்டு, "இது நானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கூட வேற யாரும் இல்லியா?" இல்லை என்றேன். அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். மறுநாள் புத்தகத்தைச் சலவைப் பிரிவுக்கு எடுத்துப் போய், அங்கிருக்கும் பதினான்கு பேருக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து காட்டியிருக்கிறாள். முன்னால் இருக்கிற எண்பத்து மூன்று பக்கத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் உறை வந்தது. நீளமான சாம்பல் நிற உறை, மூலையில் பச்சை நாடா ஒட்டியிருந்தது. வாரியத்தின் உறை எப்படி இருக்கும் என்று எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். தபால்காரர் அதை என் கையில் கொடுத்துவிட்டு, வழக்கமாகப் பேசுகிற நாலு வார்த்தை பேசாமல் போனார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பிரித்தேன். ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை. 'தங்கள் விதிப்புத்தகத்தில் அறிவிக்கப்பட்ட ஊற்றின் பிரதி இதுவரை வரப்பெறவில்லை' என்று ஒரு வரி. கீழே ஒரு கையெழுத்து, ஒரு தேதி.

வாரிய அலுவலகத்தின் வாசலில் ஒரு தட்டச்சுக்காரர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த உறையைப் பார்த்ததுமே கூப்பிட்டார். என்ன போட்டிருக்கீங்க என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அம்மாவையா? ஏம்மா, எங்கிட்ட வந்திருக்கலாம்ல. முப்பது தலைப்புல ஒரு செட்டு இருக்கு, அறுபதுல ஒண்ணு இருக்கு. படிச்ச குடும்பம் மாதிரி தெரியணும்னா இருநூறு. யாரும் எதையும் படிச்சிருக்க வேண்டாம், பிரதி வாங்கிக் குடுத்தாப் போதும்."

இப்போது மாற்ற முடியுமா என்று கேட்டேன். அச்சில் வந்த பிறகு மாற்றினால் பொய் அறிவிப்பு என்று அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாற்ற முடிந்திருந்தால் மாற்றியிருப்பேனா? பதினான்கு பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் அம்மாவை எப்படி அடிப்பது?

உள்ளே எனக்கு முன்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் நின்றார். தள்ளுவண்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள், உறை பிரிக்காமல். பிரிவு எழுத்தர் அம்மாள் கட்டைவிரலில் ரப்பர் உறை மாட்டியிருந்தார். அட்டைகளை மட்டும் எண்ணி, முத்திரை குத்தி அனுப்பினார். நாலு நிமிஷம். அடுத்து நான். அவர் தலையை நிமிர்த்தவில்லை. கடைசி வரை நிமிர்த்தவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர் இல்லை. எழுதியிருப்பதை மட்டும் படிப்பார், அவ்வளவுதான்.

"ஊற்று வகைல 'நூல் அல்லாதவை'னு வருது. பிரதி எங்க?"

அம்மாவுக்குப் பிரதி கிடையாது என்றேன். அச்சிட்டது ஒன்றே ஒன்றா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் நகல் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். ஆளை எப்படி நகல் எடுப்பது என்று நான் கேட்கவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பேர். அந்தக் கூடத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. நாற்காலிகள்கூடக் கிறீச்சிடாமல் இருந்தன, காலில் துணி சுற்றி வைத்திருந்தார்கள்.

மறுநாள் அம்மாவை நகலகத்துக்கு வரச்சொன்னேன். அவள் உள்ளங்கையைக் கண்ணாடிமேல் வைக்கச் சொல்லி மூடியைச் சாத்தினேன். பச்சை வெளிச்சம் விரலிடுக்கில் ஓடியது. அம்மா சிரித்தாள். கூசுகிறதாம். தாள் வந்தது. வெந்து தடித்த தோல், அதன் நடுவில் பிள்ளைகள் வரைகிற ஆறு மாதிரி ஒரு கோடு, சுற்றிலும் கரிய இருட்டு. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்தேன்.

எழுத்தர் அம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உண்மை நகல்னு யார் சான்று குடுத்திருக்காங்க? அசலைக் கொண்டாங்க. ஒப்பிட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவோம்."

இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் நூறு முறை கேட்டிருக்கிறேன். கல்லூரியில், வங்கியில், வேலைக்குப் போன ஒவ்வொரு இடத்திலும். சான்றிதழின் அசலைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் தலையாட்டினேன். நான் செய்த இரண்டாவது தப்பு அதுதான். முதலாவதைவிடப் பெரியது.

திங்கட்கிழமை அம்மா அரை நாள் விடுப்பு எடுத்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டாள். மகளின் புத்தக விஷயமாக அலுவலகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சலவைப் பிரிவில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

உதவி இயக்குநர் என்று ஒருவர் எங்களைத் தன் அறைக்குள் உட்காரவைத்தார். நடுவயது, நல்ல நிறைவான சிரிப்பு. அந்தச் சிரிப்பு நாங்கள் உள்ளே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கடைசி வரை இருந்தது. நகலை ஒரு கையிலும் அம்மாவின் உள்ளங்கையை மறு கையிலும் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டே பேசினார்.

"நெறைய பேர் எங்களத் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. நாங்க யாரையும் தண்டிக்கிறதில்லம்மா. நன்றி சொல்ல வெக்கிறோம். தானா வர்ற நன்றிய நம்ப முடியாது பாருங்க, ஒருநாள் வரும், ஒருநாள் வராது. கட்டாயத்துல வர்ற நன்றிதான் நிலையா நிக்கும். புள்ளிவிவரமே இருக்கு. வாரியம் வர்றதுக்கு முன்னாடி ஒரு புத்தகத்துக்குச் சராசரியா ஆறு ஊற்று. இப்போ எழுபத்தி நாலு. ஜனங்க எவ்வளவு நன்றியுள்ளவங்களா மாறியிருக்காங்க!"

அம்மா அவர் சொல்வதற்கெல்லாம் மரியாதையாகத் தலையசைத்தாள். பெரிய இடத்தில் உட்காரச் சொன்னால் நாற்காலியின் முன்நுனியில் மட்டும் உட்கார்கிறவள் அவள்.

நகல் கறுப்பாக விழுந்திருப்பதாகச் சொன்னார் உதவி இயக்குநர். கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டனவாம். நகல் தெளிவில்லாத நிலையில் அசலை நிறுத்திவைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. இடம் இருப்பது மட்டுமில்லை, அது கட்டாயம். ஒரு மணியை அழுத்தினார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"புத்தகம் புழக்கத்துல இருக்கிற வரைக்கும். பயப்படாதீங்க. எங்ககிட்ட இதுவரைக்கும் ஒரு ஊற்றும் காணாமப் போனதில்ல. வெளிய விடற ஊற்றுங்கதான் செத்துப்போகுது, வீடு மாறிப்போகுது, ஞாபகம் தப்பிப்போகுது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் படித்தவள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது, "சாயங்காலத்துக்குள்ள விட்டுடுவாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். அதுதான் மூன்றாவது தப்பு.

ஊற்று அறை இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உறவினர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பத்து நிமிஷம் நிற்கலாம். உள்ளே புத்தகங்கள் வரிசை வரிசையாக இருந்தன. நடுவில் இருபது இருபத்தைந்து நாற்காலிகள். ஒன்றில் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவர் போடும் சத்தத்தை யாரோ ஒரு அரக்கனுக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஒரு பல் மருத்துவர், கையில் குறடோடு. அறிவிப்பில் 'குறடு ஏந்திய நிலையில்' என்று எழுதிவிட்டார்கள், அதனால் கையைக் கீழே போட முடியாது. ஒரு மூலையில் ஒரு கறுப்பு நாய். எல்லார் கழுத்திலும் எண் எழுதிய அட்டை. அம்மாவுடையது இருநூற்று ஏழு.

விதி என்னவென்றால், ஊற்று மாறக் கூடாது. மாறினால் புத்தகத்துக்கும் ஊற்றுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். வாசலில் காவலாளி ஒரு பதிவேட்டோடு உட்கார்ந்து மாற்றங்களை எழுதிக்கொண்டிருந்தார். நாய் வாலாட்டியது, மணி 10.20. ஓட்டுநர் இருமினார், மணி 10.35. அம்மா முதல் நாளே பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சுக் கொடுத்ததற்கு ஒரு வரி விழுந்திருந்தது.

அவளுக்குப் பல் துலக்கும் பிரஷ் கொண்டுபோனேன். வெளிப்பொருள் சேர்க்கும் படிவம் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். அறிவித்த நிலையில் ஊற்றிடம் பிரஷ் இல்லாததால் நிராகரித்தார்கள். பிரஷ்ஷைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து தூக்கிக் காட்டினேன். அம்மா கையை அசைத்தாள், பரவாயில்லை என்பதுபோல. காவலாளி குனிந்து எழுதினார்.

ஒவ்வொரு நாளும் போனேன். ஐந்தாம் நாள் அம்மா கையசைப்பதை நிறுத்தினாள். எட்டாம் நாள் என்னைப் பார்த்ததும் முகம் மாறாமல் இருக்கப் பழகிவிட்டாள். பத்தாம் நாள், நிஜமாகவே மாறவில்லையோ என்று எனக்குப் பயம் வந்தது. என்னைத் தெரிகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்றேன். அவள் கண் இமைத்தது. அதை நான் யாருக்கும் காட்டிக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் உதவி இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதே சிரிப்பு. ஒரு சின்னச் சிக்கல் என்றார். பன்னிரண்டு நாளாகக் கொதிநீரில் கை வைக்காததால் அம்மாவின் உள்ளங்கை ஆறிக்கொண்டு வருகிறதாம். தடிப்பு இறங்கிவிட்டது, நடுவிலிருந்த கோடு மங்குகிறது. நகலோடு ஒத்துப்போகவில்லை.

எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கை ஆறி நான் பார்த்ததில்லை.

"ஊற்றை அறிவிச்ச நிலையிலேயே பராமரிக்கிறது எங்க பொறுப்பும்மா. அதுல நாங்க அலட்சியமா இருக்க மாட்டோம். கொதிநீருக்கு எழுதிப் போட்டிருக்கு. கொள்முதல் பிரிவுல இருக்கு. செவ்வாய்க்கிழமை வந்துடும்."

அன்று வெள்ளிக்கிழமை. வாசலில் தட்டச்சுக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தார். நடந்ததைச் சொன்னேன். புத்தகத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டால் ஊற்றை விட்டாக வேண்டும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களைத் திரும்ப வாங்கினேன். யாரும் காரணம் கேட்கவில்லை. இரண்டு வீட்டில் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக நீட்டினார்கள். ஐம்பத்தொன்பது சேர்ந்தது. அறுபதாவது அம்மாவுடையது. எங்கே வைத்திருந்தாள் என்று வீடு முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. தொலைந்தது என்று எழுதினேன்.

திங்கள் காலை படிவத்தோடு வரிசையில் நின்றேன். எட்டுக் கேள்வி. ஏழு வரை பெயர், முகவரி, பிரதிக் கணக்கு. எட்டாவது: 'திரும்பப் பெறும் இம்முடிவைத் தூண்டிய ஊற்று எது? பிரதி இணைக்கவும்.'

அம்மா என்று எழுதக் கை போனது. எழுத்தின் முதல் சுழி போட்டுவிட்டு நிறுத்தினேன். அம்மா என்று எழுதினால் பழைய கோப்பிலிருந்து எடுத்துப் புதிய கோப்பில் அவளையே உட்கார வைப்பார்கள். சுழியை அடித்துவிட்டு 'பயம்' என்று எழுதினேன். பொய் இல்லை.

எழுத்தர் அம்மாள் ரப்பர் விரலால் அந்தச் சொல்லைத் தட்டினார்.

"பயம்னு மொட்டையா எழுதினா எப்படி? எதப் பாத்துப் பயம்? அதக் குறிப்பிடணும். எந்த நிலையில இருந்ததுனும் எழுதணும்."

பின்னால் வரிசை நின்றது. எனக்கு எந்தத் திட்டமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை, செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இருந்தது. எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டார்கள். யோசித்தபோது ஒரு முகம்தான் வந்தது. எழுதினேன்: 'உதவி இயக்குநர். சிரித்த நிலையில்.'

எழுத்தர் அம்மாள் படித்தார். மறுபடி படித்தார். இப்போது நிமிர்வார் என்று நினைத்தேன். நிமிரவில்லை. முத்திரையை மையில் தோய்த்து, குத்தினார்.

"பிரதி வேணுமே," என்றார். எழுந்து, படிவத்தை எடுத்துக்கொண்டு, உதவி இயக்குநரின் அறைக்குள் போனார்.

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். என்னைத்தான் பிடிக்கப் போகிறார்கள் என்று பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தேன். உதவி இயக்குநர் படிவத்தைப் படித்துவிட்டு, மிக நேர்த்தியாக நிரப்பியிருப்பதாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷப் பணியில் விதியில் ஒரு விலக்குக்கூடக் கையெழுத்திட்டதில்லை என்றும் சொன்னார். அலுவலக நகல் எந்திரத்தின் கண்ணாடியில் தன் உள்ளங்கையைத் தானே வைத்தார். பச்சை வெளிச்சம் ஓடியது. தாள் வந்தது. வெறும் வெள்ளை. எந்திரத்தைத் தட்டிவிட்டு மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வெள்ளை. அவ்வளவு வழவழப்பான கை.

"தெளிவில்லை," என்றார் எழுத்தர் அம்மாள், தாளைப் பார்த்தபடி. "அசல் வேணும் சார்."

அறையில் எட்டு ஊழியர்கள் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. உதவி இயக்குநர் அவர்களைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார்.

"இதுதான் விதியோட அழகு," என்றார். "யாருக்காகவும் வளையாது. சாயங்காலத்துக்குள்ள மேலிடத்துலருந்து ஒரு கடிதம் வந்துடும். வராமலா போகும்?"

எண் இருநூற்று இருபத்தெட்டு. பல் மருத்துவருக்கும் நாய்க்கும் நடுவில் நாற்காலி போட்டார்கள். 'சிரித்த நிலையில்' என்று அறிவிப்பில் இருந்ததால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பும் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் உதட்டோரம் லேசாக இறங்கியது. காவலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்.

யாராவது கேட்டால் நான் ஜெயித்ததாகச் சொல்வார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

அம்மா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டால், "குடிக்கலாமா?" என்று கேட்டாள். இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். கீழ்த்தளத்தைப் பற்றி எதையாவது சொல்லச் சொல்லிக் கேட்டேன், பேசவைக்கத்தான். சொன்னாள். ஒரு வார்த்தை முன்பின் மாறாமல், என் புத்தகத்தில் இருப்பது போலவே சொன்னாள். முன்பெல்லாம் அவள் ஒரே விஷயத்தை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்வாள். கொதிகலன் ஒருநாள் கிழவனாக இருக்கும், ஒருநாள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும். இப்போது புத்தகத்தில் போட்ட கொதிகலன் மட்டும்தான் இருந்தது.

நாலாம் நாள் சலவைப் பிரிவுக்குப் போனாள். பதினான்கு பேரும் ஒன்றும் கேட்காமல் அவளுடைய இடத்தை விட்டுக் கொடுத்தார்களாம். ஒரு வாரத்தில் உள்ளங்கை மறுபடி சிவந்தது. அன்றைக்குத்தான், களிம்பு தடவும்போது, மின்தூக்கியைப் பற்றிப் புதிதாக ஒன்று சொன்னாள். அது இப்போதெல்லாம் கதவைத் திறப்பதற்கு முன் உள்ளேயிருந்து ஒரு முறை செருமுகிறதாம். நான் மூச்சுவிடாமல் கேட்டேன். சிரித்தால் நின்றுவிடுமோ என்று சிரிக்கவில்லை.

அடுத்த திங்கள் சாம்பல் உறை வந்தது. மூலையில் பச்சை நாடா.

கதவைச் சாத்த நேரமில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிரித்தேன். மேலிடத்திலிருந்து கடிதம் வரத்தான் செய்திருக்கிறது. வாரிய அதிகாரிகளை ஊற்றாக அறிவிக்கக் கூடாது என்று ஒரு புதிய விதி. உதவி இயக்குநரை விட்டுவிட்டார்கள். அந்த விதியைச் சேர்த்து வாரியத்தின் விதிப்புத்தகத்தைப் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அதுவும் விதிப்புத்தகம்தானே. எழுதியிருப்பதை மட்டும் படிக்கிற ஒருவர் அதையும் படித்திருக்க வேண்டும். அதன் கடைசிப் பக்கத்தை உறைக்குள் வைத்திருந்தார்கள், அதில் ஊற்றுப் பட்டியல் இருந்தது. எங்கள் தெரு, எங்கள் கதவு எண், நகலகம், என் வேலை. புதிய விதியைத் தூண்டிய ஊற்று என்று என் பெயர், அதற்கு நேரே 'அஞ்சிய நிலையில்'. பிரதி இல்லாததால் வியாழன் காலை பத்து மணிக்கு அசல் நேரில் வரவும். புழக்கத்தில் இருக்கும் வரை என்று காலம் குறித்திருந்தது. வாரியத்தின் விதிப்புத்தகம் எப்போது புழக்கத்திலிருந்து போகும் என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு யோசிக்கவில்லை.

"என்னவாம்?" என்றாள் அம்மா, துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"புத்தகத்தத் திருப்பிக் குடுத்ததுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்காங்க," என்றேன். "வியாழக்கிழம ஒரு கையெழுத்துப் போடணுமாம். அரைநாள் வேல."

அம்மா மடித்த துணியை அடுக்கி வைத்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி மூன்று நாளும் பேசவில்லை. நான் நகலகத்துக்குப் போனேன், வந்தேன். கோத்த புத்தகங்களின் கம்பியை எண்ணினேன். யாராவது மாடிப்படி ஏறினால் எண்ணிக்கை தப்பியது.

வியாழன் காலை குளித்துவிட்டு வெளியே வந்தபோது என் பை நாற்காலியில் தயாராக இருந்தது. நான் கட்டிவைத்ததைவிடக் கனமாக இருந்தது. திறந்து பார்த்தேன். மாற்றுத் துணி, களிம்பு டப்பா. அடியில், துணிகளுக்கு நடுவில், சுருள் கம்பி போட்ட அறுபதாவது பிரதி.

அம்மா வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பச்ச நாடா படிக்கப் படிப்பு எதுக்குடி?" என்றாள். செருப்பில் கால் நுழைத்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள். "பிரஷ்ஷ சாக்ஸுக்குள்ள சுருட்டி வெச்சிருக்கேன். அங்க தொட்டுப் பாக்க மாட்டாங்க. காவக்காரன் பன்னெண்டரைக்குச் சாப்பிடப் போவான். கால் மணி நேரம். அப்போ எவ்வளவு வேணா மாறிக்கலாம்."